கண்மாய் வண்டல் போட்ட கீரைப்பாத்தி

அக்கா வீட்டுக் கொல்லையில் கண்மாய் வண்டலைப் போடச் சொன்னது நான்தான். திருமயம் பக்கம் அவள் ஊர். கோடையில் வண்டல் அள்ள அனுமதி கொடுத்த செய்தியை என் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய கையோடு, அவளுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.

கண்மாய்க் கரையை ஒட்டி, பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த கொட்டகை ஒன்று மூடிக் கிடந்தது. அதன் கழிவுநீர் இறங்கிய மூலையில்தான் டிராக்டர் அள்ளியது. அங்கே வண்டல் கருப்பாக, நைசாக இருந்தது. கருப்பாக இருந்தால் சத்து என்பது எங்கள் கணக்கு. மண் பரிசோதனை அட்டையும் வாங்கினோம். தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் இருந்தன. ஈயத்துக்கு அதில் கட்டமே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அரைக்கீரை செழித்து வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அக்கா மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரத்தம் குறைவு என்றார் நர்ஸ். அக்கா தினமும் கீரை கடைந்தாள்.

“மாமா, நான் மனுசியா, ஆடா? அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க,” என்றாள் மகள் என்னிடம்.

“பேசாமத் தின்னுடி. ஒனக்கு மட்டுமா போடுறேன்?” என்றாள் அக்கா.

மாத்திரை, கீரை இரண்டுக்கும் ரத்தம் ஏறவில்லை. வயிற்றுவலி வேறு. புதுக்கோட்டையில் டாக்டரம்மா, வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று விசாரித்தார். பேட்டரிக் கொட்டகையை நான் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினார். ரத்தமும், பாத்தி மண்ணும், ஒரு பிடி கீரையும் பரிசோதனைக்குப் போயின. மூன்றிலும் ஈயம்.

“பிள்ளைக்கும் போயிருக்குமா?” என்று அக்கா மகள் கேட்டாள்.

“போகும்மா. எவ்வளவுன்னு பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல பாத்துருவோம். மொதல்ல அந்தக் கீரைய நிறுத்துங்க,” என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலமே அக்கா பாத்தியிலிருந்த கீரையைப் பிடுங்கினாள். ஆட்டுக்குப் போடப் போனவளைத் தடுத்தேன். குப்பைக்குழிக்குப் போனாள்; அதையும் தடுத்தேன். கீரைக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப எங்கிட்டுத்தான் தம்பி கொண்டுபோயிக் கொட்ட?”

சாக்கில் கட்டிக் கொல்லைச் சுவரோரம் வைத்தோம். கருவேப்பிலை மரத்தை ஒட்டிய பாத்தியின் மேல் தார்ப்பாய் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம். இரவுச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான். அக்கா மகள் அதில் கிடந்த கருவேப்பிலையை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“அம்மா, இது எங்கிட்டு ஒடிச்சது?”

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.