கலியமூர்த்தியைக் கொன்ற ஞாயிறுகள்

கலியமூர்த்தியின் கழுத்தில் இறங்கிய வாளைப் பூவரசன் உடனே உருவவில்லை. ஒரு திருகு திருகினான்.

"எலும்புல மாட்டிக்கிச்சு பாய். அவன் நெஞ்சு மேல காலை வச்சு இழுக்குறேன்."

தலை ஒரு பக்கத் தோலில் மட்டும் தொங்கியது. ரத்தம் படித்துறை வழியாக ஆற்றில் இறங்க, மீன்கள் கூடின. மேஜை மேல் இருபது முகப் பகடை பதினெட்டைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் பிஸ்கட் தட்டு.

"டீ ஆறுதுப்பா. செத்தவன் செத்துட்டான், குடி" என்றார் தைரியராஜ்.

மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதிக்குப் பின்னால் போகிற சந்தில் ரசூலின் கறிக்கடை. மாடியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை கீழே நிஜ வெட்டு. குளித்துச் சாப்பிட்டபின் மாடி அறையில் பொய் வெட்டு. ஷார்ஜாவில் குளிர்க்கிடங்கு ஒன்றில் அவர் கறி வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் கற்றுக்கொடுத்த விளையாட்டு அது. ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு கதைக்குள் இறங்க வேண்டும். அடி விழுந்ததா, தவறியதா என்று பகடை சொல்லும். ஊருக்குத் திரும்பிய ரசூல், நெருப்பு கக்கும் மிருகங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு தீவு, அதை வளைத்து நிற்கும் ஒரு படை என்று தன் கதையைக் கட்டிக்கொண்டார். தீவைக் காக்க மூன்று பேர்: பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் தைரியராஜ், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் தேவதர்ஷினி, ரசூலின் ஸ்கூட்டரைப் பழுது பார்க்க வந்து அப்படியே ஆட்டத்தில் ஒட்டிக்கொண்ட லால்குடிப் பையன் பூவரசன்.

ரசூலின் மேஜையில் ஒரு சட்டம் உண்டு. எதிரியைக் கொல்கிறவர், சாகிறவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுத்தான் கொல்ல வேண்டும். எப்படிச் செத்தான் என்பதையும் தன் வாயால் சொல்ல வேண்டும். "கீழ நான் பிஸ்மி சொல்லாம ஒரு ஆட்டைத் தொடமாட்டேன். மேல மட்டும் சும்மா வெட்டிட்டுப் போக விட்டுருவேனா?" என்பார். பெயர் வைத்தவுடன் கொஞ்சம் கை தயங்கும். அந்தத் தயக்கம் அவருக்குப் பிடிக்கும்.

பூவரசனுக்கு மட்டும் தயக்கம் வருவதில்லை. அவன் கொல்கிற எல்லோருக்கும் ஒரே பெயர். போன வாரம் கலியமூர்த்தியைக் குடல் சரியக் கிழித்தான். அதற்கு முந்தைய வாரம் சேற்றில் முகத்தை அழுத்தி, குமிழி நிற்கும்வரை மேலே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, இதெல்லாம் எழுதிக் கூட்டிக் கழிக்கிறதுக்குள்ள பாதி நேரம் போயிடறது" என்று தேவதர்ஷினி மடிக்கணினியைத் திருப்பினாள். "இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. மேப், பகடை, யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், எல்லாம் அதுவே பாத்துக்கும். மாசத்துக்கு ஒரு தொடைக்கறி விலைதான்."

"தொடைக்கறி விலை உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்க கடை போர்டைத் தாண்டித்தானே மூக்கைப் பொத்திண்டு படியேறி வரேன்?"

தைரியராஜ் சிரித்ததில் டீ சிந்தியது. ரசூல் தலையாட்டினார். "வேணாம் தேவி. ஒரு பட்டனைத் தட்டி ஆளைச் சாகடிக்கிறதெல்லாம் நமக்கு ஆகாது."

செவ்வாய்க்கிழமை பூவரசன் தனியாகக் கடைக்கு வந்தான். உரித்த ஆடு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன் கொஞ்ச நேரம் நின்றான்.

"பாய், எங்க வெட்டுனா சத்தம் வராது?"

அடுத்த ஆட்டத்தில் காவல்காரர்களைத் தாண்டிப் பாசறைக்குள் நுழைய வேண்டியிருந்தது. பையன் வீட்டுப்பாடம் செய்கிறான் என்று ரசூல் சந்தோஷப்பட்டார். இவ்வளவு ஆர்வமாக யாரும் தன் கதைக்குள் வந்ததில்லை. கத்தி முனையால் தாடைக்குக் கீழே தொட்டுக் காட்டினார். மூச்சுக்குழல் இது, நரம்பு இது, கையை இப்படித் திருப்பு. பூவரசன் கூடவே தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். ஒரு பெண் ஈரல் கேட்டு வந்தாள். ரசூல் அவளைக் கவனித்துவிட்டுத் திரும்பியபோது அவன் போய்விட்டிருந்தான்.

மறுநாள் தேவதர்ஷினி வாட்ஸப் குழுவிலிருந்து விலகினாள். ரசூல் போன் செய்தார், எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினார். ஆபீஸ் முடிந்து வந்தவளை ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் பிடித்தார்.

"என்னம்மா, சாஃப்ட்வேர் வேணாம்னதுக்கா இவ்வளவு கோவம்?"

"அண்ணா, கலியமூர்த்தின்னு நெஜமாவே ஒரு ஆள் இருக்கான். தெரியுமா உங்களுக்கு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு லால்குடி. பூவரசன் தெரு. வாய்க்கால் தண்ணித் தகராறுல கலியமூர்த்தி பூவரசனோட அப்பாவை மண்வெட்டியாலே மண்டையில போட்டிருக்கான். மாசக்கணக்கா பேச்சில்லாம கெடந்து, குழாய் வழியாக் கஞ்சி ஊத்தி, அப்புறம் போயிட்டார். அவன் இப்ப ஜாமீன்ல வந்து இவங்க வாசல் வழியாவே டீ குடிக்கப் போறானாம். நாம வாராவாரம் சுத்தி உக்காந்துண்டு, இவன் எப்படிக் குத்தறான்னு கேட்டு 'ஆகா'ங்கறோம்."

ரசூலின் கை தானாகத் தன் தாடைக்குக் கீழே போய் நின்றது. செவ்வாய்க்கிழமை எங்கே தொட்டுக் காட்டினாரோ அங்கே.

கையை இறக்கிக்கொண்டு கேட்டார். "அந்த சாஃப்ட்வேர்ல சாகுறவனுக்குப் பேரு உண்டா?"

"கிடையாது. வீரன் ஒண்ணு, வீரன் ரெண்டுன்னு நம்பர்தான்."

"அப்ப போடு. காசு கட்டாம கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்குற வசதி இருக்குமே, இந்த ஞாயித்துக்கிழமை அதுலதான் ஆட்டம்."

வெள்ளிக்கிழமை கடையில் எலும்பு நீக்குகிற சின்னக் கத்தியைக் காணோம். கழுவும்போது சாக்கடையில் போயிருக்கும் என்று நினைத்து ரசூல் வேறொன்றைத் தீட்டிக்கொண்டார்.

ஞாயிறு, டிவியில் தீவு தெரிந்தது. பச்சை நிற ஆறு, சதுரம் சதுரமாகக் கரை, வட்ட வட்டமாக எதிரிகள். பூவரசனிடம் மவுஸைக் கொடுத்தார்கள். ஒரு தட்டு. வீரன் ஒன்றின் தலைக்கு மேலிருந்த சிவப்புக்கோடு சுருங்கியது. இன்னொரு தட்டு, வட்டம் சாம்பல் நிறமாகி ஒரு மண்டையோடு முளைத்தது. அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரசூலுக்கு மூச்சு சீராக வந்தது.

"இதுல பேரை மாத்த முடியாதா?" என்றான் பூவரசன்.

"முடியாது" என்றாள் தேவதர்ஷினி, கொஞ்சம் வேகமாக.

அவன் அதற்குள் கண்டுபிடித்துவிட்டான். வட்டத்தின் மேல் தட்டினால் பெட்டி திறந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான். கலியமூர்த்தி. பக்கத்தில் நகல் எடுக்கும் குறி. அதைத் தட்டினான். இன்னொரு கலியமூர்த்தி. மறுபடி, மறுபடி. படித்துறை, மதில், பாலம், எல்லா இடத்திலும் கலியமூர்த்தி. டிவி கொள்ளாத கலியமூர்த்தி.

"பூவரசா, போதும்டா."

அவன் கேட்கவில்லை. தட்டத் தொடங்கினான். மண்டையோடு, மண்டையோடு, மண்டையோடு. பகடைச் சத்தத்தை யாரோ டின்னுக்குள் குலுக்குவதுபோல டிவி எழுப்பிக்கொண்டே இருந்தது. கடைசி வட்டமும் சாம்பலானதும் அவன் மவுஸை விட்டான்.

"சாகவே மாட்டேங்குறான் பாய்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். "நான் கெளம்புறேன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு."

தோளில் மாட்டிய பை நாற்காலிக் கம்பியில் இடித்தது. இரும்பு இரும்பில் பட்ட சத்தம். அந்தச் சத்தம் ரசூலுக்குத் தெரியும், தினமும் கத்தி தீட்டும்போது கேட்கிற சத்தம். எட்டிப் பையைப் பிடித்தார். பூவரசன் அவரை மார்பில் உதைத்தான். மேஜை கவிழ்ந்தது. பைக்குள் கைவிட்டு அவன் உருவியதை ரசூல் அலகோடு சேர்த்துப் பிடித்தார். உள்ளங்கை திறந்துகொண்டது. தைரியராஜ் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டினார். அவர் முழங்கையைப் பூவரசன் சதை பிய்யக் கடித்தான். மூன்று பேரும் பிஸ்கட்டின் மேல் உருண்டார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த ரசூலின் மனைவி கமர் ஜஹான், "யா அல்லா" என்று கத்திக்கொண்டே ரத்தத்தில் வழுக்கி விழுந்தாள். தேவதர்ஷினி கவிழ்ந்த மேஜையை அவன் மணிக்கட்டின் மேல் தூக்கிப் போட்டாள். எலும்பு முறிகிற சத்தத்தோடு கத்தி நழுவியது.

ரசூல் நல்ல கையால் அவன் கன்னத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். வாயோரம் கிழிந்தது.

"ஆட்டுக்குக் காலைக் கட்டியிருக்கும்டா மடையா! அது சும்மா படுத்துக் கெடக்கும். மனுசன் கெடப்பானா? ஓடுவான். உன் கையைப் பிடிச்சுக்குவான். உங்கம்மா பேரைச் சொல்லிக் கெஞ்சுவான். நான் சொல்லிக் குடுத்தது ஆட்டைப் பத்திடா!"

பூவரசன் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஊளையிட்டான். அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றும்போது இருமல் வந்து குழாயே வெளியே வந்துவிடும் என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்த வாரமே அவன் அம்மா ராக்கம்மாள் வந்து அழைத்துப் போனாள். திருப்பூரில் அவளுடைய தம்பி பனியன் கம்பெனியில் மேஸ்திரி. மாவுக்கட்டோடு அங்கே அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்த ரசூல், கையில் தையலோடு மாடியில் உட்கார்ந்திருந்தபோது தேவதர்ஷினி போன் செய்தாள்.

"அண்ணா, நாளையோட ட்ரையல் முடியறது. வேண்டாம்தானே? அழிச்சுடட்டுமா?"

"வாங்கிடு."

"எதுக்கு? அதை வச்சுண்டுதானே அவன் அன்னிக்கு..."

"திருப்பூர்லேருந்து லால்குடிக்கு பஸ் இல்லையா தேவி? அவனுக்கு வார லீவு ஞாயித்துக்கிழமைதான். ஊர்ப்பக்கம் வரணும்னா அன்னிக்குத்தான் வருவான். அங்கேருந்தே மூணு மணிக்கு ஆடச் சொல்றேன். அவன் ஆட்டத்துல இருந்தா பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி எரியும்னியே?"

"ஆமா."

"அது எரியுற வரைக்கும் அவன் வேற எங்கயும் இல்லைன்னு அர்த்தம். வருசத்துக்கே சேத்து வாங்கு."

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது. தைரியராஜ் கட்டுப் போட்ட முழங்கையைத் தடவிக்கொண்டார். கமர் ஜஹான் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ரசூல் டிவியையே பார்த்தார். மூன்றே கால். மூன்றரை. "லால்குடி போலீஸ் ஸ்டேஷன் நம்பர் இருக்கா யார்கிட்டயாவது?" என்று கேட்டார்.

புள்ளி பச்சையானது. கரகரவென்று சத்தம். டிவியில் ஒரு குண்டு பல்ப், துணி காயும் கொடி, பூவரசனின் வீங்கிய முகம்.

"பாய், கேக்குதா? மாமா கம்பெனி கம்ப்யூட்டரு, இங்க நெட்டு சரியில்ல."

ரசூல் அவன் முதுகுக்குப் பின்னால் தெரிந்த சுவரையும், அடுக்கியிருந்த பனியன் மூட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கேக்குதுடா" என்றார். "பாலத்துல நிக்கிறே. எதிர்ல நாலு பேர் ஈட்டியோட ஓடி வர்றாங்க. என்ன பண்ணப்போறே?"

பூவரசன் இடது கையால் மவுஸைத் தேடினான்.