ஒரே ஆட்டத்தில் இரண்டு கால்கள்

ஆஸ்பத்திரி எமர்ஜென்சி நடைபாதையில் சக்கர நாற்காலியில் என் கணவர் செந்தில். வலது முழங்கால் வீங்கியிருந்தது. எதிரே ஸ்ட்ரெச்சரில் முரளி. அவர் காலை உடைத்தது என் கணவர்தான்.

எங்கள் ஊரான ரிச்சர்ட்சனின் தமிழ் ஆண்களுக்கும் பக்கத்து ஊரான பிளேனோவின் தமிழ் ஆண்களுக்கும் ஞாயிறுதோறும் கால்பந்து. எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. செந்தில் சனிக்கிழமை காலை காபியோடு டிவியில் இங்கிலாந்தின் கீழ்மட்ட லீக் ஆட்டங்களைப் பார்ப்பார். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் சேற்றில் ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். "பெரிய கிளப் எல்லாம் நடிப்பு. இவனுங்கதான் நெஜமா ஆடறானுங்க" என்பார். அன்று எதிரணியின் முரளி பந்தோடு தன்னைத் தாண்டியதும் இரண்டு காலையும் நீட்டிப் பாய்ந்தார். பந்து அதற்குள் போய்விட்டிருந்தது; இரண்டு பேர் காலும் மோதிச் சிக்கின. ஓரத்தில் நின்று நான் பார்த்தேன்.

முரளிக்குக் கீழ்க்கால் எலும்பு முறிவு. உள்ளே கம்பி வைத்தார்கள். செந்திலுக்கு ஏ.சி.எல். (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிடித்து நிறுத்தும் நார்) அறுந்திருந்தது. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். தரை சரியில்லை என்றார் இவர். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நானும் வாயைத் திறக்கவில்லை.

இங்கே யாருக்கு ஆபரேஷன் என்றாலும் தோழிகள் வாட்ஸ்அப்பில் நாளைப் பிரித்துக்கொண்டு சாப்பாடு தருவார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே பிரித்தார்கள். முரளி வீட்டுக்குக் கொடுத்த அதே சாம்பார் எங்களுக்கும் வந்தது. "பாவம், ரெண்டு பேருக்கும் நேரம் சரியில்ல" என்றாள் கொண்டுவந்தவள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருக்கலாம். ஐஸ் பை எவ்வளவு நேரம், தலையணை எவ்வளவு உயரம் என்றெல்லாம் நர்ஸ் சொல்லித் தருவார். அவமானத்துக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. மளிகைக் கடையில் தெரிந்த முகத்தைக் கண்டால் நான் அடுத்த வரிசைக்குள் நுழைந்துவிடுவேன்.

பிசியோதெரபி (தசைகளைப் பழக்கும் சிகிச்சை) இருவருக்கும் ஒரே இடத்தில் அமைந்தது. நடுவில் ஒரு திரைதான். முழங்காலை மடக்கும்போது இவர் கத்துவார். அந்தப் பக்கம் முரளி பல்லைக் கடிப்பது கேட்கும். ஒருநாள் தாங்காமல் அங்கேயே முரளியின் மனைவி வித்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க ஏன்க்கா கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டது முட்டியிலதானே, வாயில இல்லையே?"

திரைக்குப் பின்னால் இவரது முனகல் நின்றது. சற்று நேரத்தில் ஊன்றுகோலோடு திரையை விலக்கிக்கொண்டு முரளியின் கட்டிலருகே போய் நின்றார்.

"தப்பு என்னோடதுதான், முரளி. பந்து போயிடுச்சுன்னு தெரிஞ்சுதான் பாஞ்சேன்."

தெரிந்தே என்று நான்கூட நினைத்திருக்கவில்லை.

"தெரியும் செந்தில்" என்றார் முரளி. "கால கீழ வைக்கறப்பல்லாம் உங்க ஷூதான் தெரியுது. பரவால்லன்னு சொல்ல இன்னும் வாய் வரல."

இவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

செந்திலின் கால் நேராகிவிட்டது. என் கண்தான் கெட்டுப்போயிற்று. எங்கே போனாலும் முதலில் மனிதர்களின் கால்களைத்தான் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கான தமிழ்ப் பள்ளி விட்டதும் முரளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறார். பக்கத்தில் இடமிருந்தும் இவர் அவரைத் தாண்டிப் போவதில்லை. அவர் கடைசிப் படியை விடும்வரை நாங்கள் மேலேயே நிற்கிறோம்.