கூடைக் கயிற்றின் தடம்

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் லிந்துலைக் கடைவீதியில், ஒரு தையல் கடையின் பின்னறையில் உட்கார்ந்து முகங்கள் வரைகிறேன். பெரும்பாலும் இறந்தவர்களின் முகங்கள். உயிரோடு இருப்பவரின் படத்தைச் சுவரில் மாட்ட எங்கள் ஆட்களுக்குப் பயம். “அதுக்குள்ள எனக்கு மாலை போடப் பாக்குறியா?” என்று என் அம்மாவே ஏசுவார்.

அந்தக் காலத்தில் ஓவியனுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ராஜாக்களும் ராணிகளும். இங்கே தோட்டத்தை ஆண்ட துரைமார். பங்களாவில் நான் பார்த்த துரையின் ஓவியத்தில் அவருடைய நாய்க்குக்கூட இடமிருந்தது. கொழுந்து பறித்தவளுக்குத் தேயிலைப் பெட்டிமேல் அச்சடித்த படத்தில் ஒரு சிரிப்பைக் கொடுத்தார்கள், அதுவும் அவளுடைய சிரிப்பில்லை. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் ஏழு வருடம் உச்சந்தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவள்தான். முன்னால் உட்கார ஆள் கிடைக்காததால் கண்ணாடி பார்த்து என்னையே வரைந்து பழகினேன். அந்தப் படத்தை மாதிரிக்காக மேசைமேல் வைத்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். மனைவி இறந்து ஐந்து நாள். பதினாறாம் நாள் கருமாதிக்குப் படம் வேண்டும். கையில் இருந்தது அவளுடைய அடையாள அட்டை ஒன்றுதான். கல்யாணப் படம், அவர்கள் குடியிருந்த லயம் தீப்பிடித்தபோது எரிந்துவிட்டது. போனில் யாராவது படம் பிடிக்க வந்தால் அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாராம்.

“மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்கு புள்ள,” என்றார்.

ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தேன். அடர்த்தியான முடி, சுருக்கமில்லாத நெற்றி. நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன், கேட்காமலே எல்லோருக்கும் செய்கிற உபகாரம்.

அவர் வந்து வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்க புள்ள. ஆனா இது அவ இல்ல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அட்டையில இருக்கறதைத்தானே மாமா வரைஞ்சேன்? மூக்குத்திகூட அப்படியே இருக்கு, பாருங்க.”

அவர் தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க, கூடைக் கயிறு போற எடம். முடி கொட்டி வழுவழுன்னு இருக்கும். அட்டைக்குப் படம் புடிக்கப் போனப்ப வெக்கப்பட்டு முடியை இழுத்துச் சீவி மறைச்சுட்டா. வேலை விட்டு வந்ததும் நான்தான் அதுல எண்ணெ தேச்சு விடுவேன்.”

அவர் போனபிறகு கண்ணாடி முன் நின்று கொண்டையை அவிழ்த்தேன். எனக்கும் அதே இடத்தில் தடம் இருக்கிறது. மேசைமேல் இருந்த என் படத்தில் அது இல்லை. தேயிலைப் பெட்டிக்காரர்களை அத்தனை ஏசிய வாய் அன்று அடங்கிப்போனது. மிகவும் வெட்கமாக இருந்தது.

முதலில் என் படத்தில் அந்தத் தடத்தை வரைந்து கையைப் பழக்கினேன். பிறகு அந்த அம்மாவின் படத்தில் வகிட்டை விலக்கி, முடியைக் குறைத்து, மினுங்கும் அந்தத் தோலைக் கொண்டுவந்தேன். முகத்தின் கறுப்பையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

பதினைந்தாம் நாள் பெரியவர் வந்தார். படத்தைக் கண்டதும் குனிந்து, உச்சந்தலையில் விரலை வைத்து, மெதுவாகத் தேய்த்தார்.

“இன்னைக்கு ரொம்ப வலிச்சுச்சா?” என்று அவளிடம் கேட்டார்.

சாயம் இன்னும் காயவில்லை. தொடாதீங்க என்று சொல்ல எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அவர் விரல் பட்டுக் கலைந்த இடத்தைத் திருத்தாமல் அப்படியே கொடுத்தனுப்பினேன்.