பக்கத்து மடியில் இருந்த பத்திரிகை

சினிமாப் பத்திரிகையைக் கண்டாலே எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரத்திலிருந்து எழும்பூர் ஆபீசுக்குத் தினமும் மின்சார ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்டில் போவேன். எனக்கென்றே எழுதிவைத்த மாதிரி பக்கத்தில் கன்னியம்மா வந்து உட்காருவாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைப்பவள். அவள் மடியில் சினிமாப் பத்திரிகை, என் மடியில் தடித்த இலக்கிய இதழ்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன். "எந்த நடிகை யாரைக் கட்டிக்கிட்டா உனக்கென்னம்மா? உருப்படியா ஏதாவது படிக்கக் கூடாதா?"

"நாள் பூரா பட்டன் தைக்கிறேன்க்கா. இதுல யாராச்சும் பட்டன் தைக்கிறாங்களா பாரு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பும் எனக்கு எரிச்சல்தான். வெடுக்கென்று என் இதழைப் பிரித்துக்கொண்டேன். பல்லாவரம் போய் மீனம்பாக்கமும் வந்துவிட்டது. அவள் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"என்ன, தூங்கிட்டியா?"

"இல்லக்கா. நீ இன்னும் கடைசி வரிக்கு வரல. அதான் வெயிட் பண்ணிகினு கீறேன்."

"நானா? நான் எங்கே..."

"தெனமும் அப்டித்தானேக்கா? நீ முடிச்சா கழுத்து நிமிரும். அப்பாலதான் திருப்புவேன்."

குனிந்து என் மடியைப் பார்த்தேன். என் இதழ், பொங்கலுக்கு முன்பு அடையாளம் வைத்த அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. அவள் பத்திரிகையை ஓசியில் படித்துக்கொண்டே அவளைத் திட்டியிருக்கிறேன். அவளோ, தெரிந்தும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"திருப்பட்டுமாக்கா?"

அந்த நடிகையின் கல்யாணம் நடந்ததா, நின்றதா என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது.

"திருப்பு" என்றேன்.