லிஃப்ட் அங்கிள் கேட்ட கேள்விகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போவதற்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அழைத்தவர் ஸ்டெல்லா அன்ரி. மலேசியாவிலிருந்து வந்து, நெடுங்காலமாக எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர். முதல் நாள் மாலை என்னை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் அருகில் அவர்தான் இருந்தார்.

"துளசி, அப்பா போயிட்டாரும்மா. தூக்கத்துலேயேதான். சிரமமே படல. நீ அவசரப்படாம கார் ஓட்டிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வாயில் வந்தது ஒரு கேள்விதான். "கடைசியா என்ன கேட்டவர் அன்ரி?"

வேறு யாராவது கேட்டால் விளங்காமல் விழித்திருப்பார்கள். அன்ரி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். "விடியக்காலம் கொஞ்சம் முழிச்சாரு. நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு எது காலைச் சாப்பாடு, வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி சாப்பிடுறதா, முடிஞ்சு போய்ச் சாப்பிடுறதான்னு நர்ஸ்கிட்ட கேட்டாரு. அந்தப் பொண்ணு பதில் சொன்னிச்சு. 'அப்படியா'ன்னுட்டு மறுபடி தூங்கிட்டாரு."

என் அப்பா சிவபாதத்தை, சிட்னியின் மேற்குப் பகுதியில் பென்டில் ஹில் பக்கத்துத் தமிழர்கள் 'லிஃப்ட் அங்கிள்' என்றுதான் அறிவார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நகரத்து உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் திருத்தும் வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும்: அப்பாவுக்கு எதையாவது அறியாமல் இருக்க முடியாது. அறிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "ஒண்டும் செய்யிறதுக்கில்லை. தெரிஞ்சாப் போதும்" என்பார்.

ஒருமுறை நகரத்தில் ஒரு வழக்கறிஞர் அம்மையார் தனியாக லிஃப்டுக்குள் அகப்பட்டுக்கொண்டார். பயத்தில் மூச்சு வாங்கியவரிடம், கதவு இடுக்கு வழியாக அப்பா பேச்சுக் கொடுத்தார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், பொய் சொல்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், உங்கள் கட்சிக்காரரே பொய் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபடி வேலையைப் பார்த்திருக்கிறார். கதவு திறந்தபோது அந்த அம்மையார் வெளியே வராமல், "பொறுங்கள், இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்" என்றாராம். அப்பா இதைப் பெருமையாகச் சொல்வதில்லை. அந்த வழக்கின் முடிவு என்னவாயிற்று என்று தனக்குத் தெரியாமல் போனதைத்தான் வருத்தத்தோடு சொல்வார்.

அவருடைய இந்தக் கேள்விகள் எனக்குப் பெரும் வெட்கமாக இருந்த வயதும் உண்டு. பாடசாலை நாட்களில் ஒருநாள் ரயிலில், கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்த ஒருவர் எங்களுக்கு எதிரே இருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினேன், என்ன நடக்கப் போகிறதென்று தெரிந்ததால். அப்பா அவரிடம் ஒவ்வொரு படத்துக்கும் பொருள் கேட்டார். எலும்புக்கு மேல் குத்தும்போது அதிகம் நோகுமா என்று கேட்டார். அந்த மனிதர் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, இறந்துபோன தன் நாயின் முகத்தைக் காட்டினார். நாங்கள் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. "உன்ரை அப்பா செத்தாலும் யமனிட்டை எருமைக்கு என்ன தீனி வைக்கிறனீங்கள் எண்டுதான் முதல் கேப்பார்" என்றார் அம்மா, விஷயத்தைக் கேள்விப்பட்டபோது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார்.

சில வருடங்களுக்கு முன் அப்பாவின் பெருங்குடலில் புற்றுநோய் கண்டது. ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். வெட்டியதை எங்கே கொண்டுபோவீர்கள், எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்று மயக்கம் தெளிந்த உடனேயே கேட்டவர் அவர். அதன்பிறகு கீமோ தொடங்கியது. நான் ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அவருடைய மாத்திரைகளின் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் எனக்குத் தெரியும். வாந்தியை எதிர்பார்த்திருந்தேன், கை விறைப்பை எதிர்பார்த்திருந்தேன். அப்பா பேசாமல் போவார் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருப்பார். தேநீர் கொடுத்தால் குடிப்பார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து முடிந்து, மெல்ல மெல்லப் பழைய ஆளாகத் திரும்பினார். சென்ற ஆண்டு ஏப்ரலில் எடுத்த ஸ்கேனில் நோய் ஈரலுக்குப் போயிருந்தது. மறுபடி கீமோ செய்யலாம் என்றார் வைத்தியர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்த அப்பா, மே மாதம் ஒரு சனிக்கிழமை என்னை அழைத்தார்.

"பிள்ளை, வொம்பாட்டின்ரை சாணம் சதுரமாம். பகடைக்காய் மாதிரியாம். உனக்குத் தெரியுமே?"

"தெரியும் அப்பா. பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்தவை."

"தெரிஞ்சும் நீ போய்ப் பாக்கேல்லையே? வா, பாத்திட்டு வருவம்."

வொம்பாட் என்பது குட்டைக் கால்களோடு, கரடிக்குட்டிபோல் இருக்கும் இந்நாட்டு விலங்கு. புளூ மவுன்டன்ஸ் மலையில், கட்டும்பாவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையின் அடிவாரத்தில் அவை நிறைய உண்டென்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த உடம்போடு மலையிறங்குவதா என்று தயங்கினேன். மறுத்தால் ரயிலேறித் தனியாகப் போய்விடுவார் என்பதும் தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலைமேல் பனிமூட்டம். காற்று காதை அறுத்தது. அப்பா கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டிருந்தார். படிகள் செங்குத்தாக இறங்கின. ஈரப் பாறைகளுக்கிடையே குடைபோல் இலை விரித்த மரப்பன்னங்கள். எதிரே ஏறிவந்த ஒரு முதிய தம்பதியை நிறுத்தி, ஏறும்போது முழங்கால் அதிகம் நோகுமா இறங்கும்போதா என்று விசாரித்தார். கணவர் ஒன்றும் மனைவி ஒன்றும் சொல்ல, அவர்களை வாக்குவாதத்தில் விட்டுவிட்டு நாங்கள் இறங்கினோம்.

அடிவாரத்தில் காடு வெளித்தது. மெல்லிய வெயில் விழுந்தும் குளிர் குறையவில்லை. தட்டையான ஒரு கல்லின்மேல் அதைக் கண்டோம். உண்மையிலேயே மூலைகள் இருந்தன. அப்பா முழந்தாளிட்டு, ஒரு குச்சியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வட்டமான குடலுக்குள்ளாலை சதுரமா என்னெண்டு வரும்?"

"போனிலை பாக்கட்டே?"

"வேண்டாம், பொறு. முதல் யோசிப்பம்." குடலின் சுவர் எல்லா இடமும் ஒரே மாதிரி இழுபடாது போல, சில இடம் இறுக்கமாகவும் சில இடம் இளக்கமாகவும் இருக்க வேண்டும் என்று தானாகவே ஒரு விளக்கத்துக்கு வந்தார். அது ஏறக்குறையச் சரிதான் என்று பிறகு வாசித்து அறிந்தேன். "என்ரை குடலிலை இப்பிடி ஒரு கெட்டித்தனமும் இல்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே, குச்சியை எறிந்துவிட்டு, "நான் இனி அந்த மருந்து எடுக்கேல்லை, துளசி" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மருந்து வேறு, அளவைக் குறைக்கலாம், வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு என்று, கடையில் நோயாளிகளிடம் பேசும் குரலில் பேசிக்கொண்டே போனேன். "உங்களுக்கென்ன விசரே?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "முதல்முறை எனக்கு என்ன நடந்தது எண்டு நீ கேக்கேல்லை. நோவைத் தாங்கலாம் பிள்ளை. அந்த மாசங்கள் முழுக்க எனக்கு ஒண்டையும் அறிய வேணும் எண்டு தோன்றேல்லை. முன்வீட்டிலை ஆரோ புதுசா வந்தவை. ஆர் எண்டு கேக்க மனம் வரேல்லை. அந்தக் கதிரையிலை இருந்தது நான் இல்லை. மிச்சமிருக்கிற காலம் கொஞ்சமெண்டாலும் நானா இருக்கிறன்."

எனக்கு அந்தப் பக்கவிளைவு தெரிந்திருக்கவில்லை. எந்தத் தாளிலும் போட்டிருக்கவும் மாட்டார்கள். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினேன். இருவரும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். குளிரில் ரொட்டி விறைத்திருந்தது.

"நானும் உன்னட்டை ஒண்டு கேக்கேல்லை" என்றார் அப்பா. "நீயும் அவரும் ஏன் பிரிஞ்சனீங்கள் எண்டு."

அது நடந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. "ஊரிலை எல்லாரிட்டையும் கேக்கிறனீங்கள். என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

"வேற ஆக்களின்ரை பதில் என்னை ஒண்டும் செய்யாது. உன்ரை பதிலுக்குப் பயமா இருந்தது."

நான் சொன்னேன். "அவர் கூடாத மனுசர் இல்லை அப்பா. அடிக்கேல்லை, குடிக்கேல்லை. என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டார், அவ்வளவுதான். வேலையாலை வந்தா இண்டைக்கு என்ன நடந்தது எண்டு கேக்கமாட்டார். அழுதாலும் ஏன் எண்டு கேக்கமாட்டார். உங்களோடை வளந்த எனக்கு அந்த வீட்டிலை இருக்க ஏலாமல் போச்சு."

அப்பா தன் மேல் கையுறைகளைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். நான் ஏற்கெனவே கையுறை போட்டிருந்தேன்.

இறங்கியதை ஏற வேண்டியிருந்தது. பாதி வழிக்கு முன்பே அப்பாவின் உதடு வெளுத்துவிட்டது. ஒரு படியில் உட்கார்ந்தவர், "இதுக்கொரு லிஃப்ட் போட்டிருக்கலாம்" என்றார். சிரிக்க மூச்சு இருக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. நான் மேலே ஓடிப்போய் உதவி கேட்கவா என்றதும், "தனிய விட்டிட்டுப் போகாதை. கதைச்சுக்கொண்டு வா, ஏறிடுவன்" என்றார்.

அன்றுதான் நான் அவரிடம் கேட்கத் தொடங்கினேன். அம்மாவை முதலில் எங்கே கண்டீர்கள்? ஊர்காவற்றுறைத் துறையில், படகுக்கு நின்றபோது. என்ன கேட்டீர்கள்? குடைக்கம்பி எப்படி முறிந்தது என்று கேட்டேன். அம்மா என்ன சொன்னா? "உங்களுக்கேன்?" என்றா. ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் நாலைந்து படிகள். சிட்னியில் முதல் குளிருக்கு என்ன செய்தீர்கள்? எப்போதாவது திரும்பிப் போக நினைத்தீர்களா? நான் பிறந்தபோது மகன் வேண்டுமென்று இருந்ததா? கடைசிக் கேள்விக்கு நின்று, மூச்சைப் பிடித்து, "மகளோ மகனோ எண்டு டொக்டரிட்டைக் கேக்கவே மறந்துபோனன். உன்ரை நகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். நாங்கள் மேலே வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கார் மட்டும்தான் நின்றது.

வைத்தியரிடம் நானே போய் அவருடைய முடிவைச் சொன்னேன். அதன்பின் கிடைத்த மாதங்களில் அப்பா தானாகவே இருந்தார். முன்வீட்டுக்கு வந்தவர்கள் நேபாளிகள் என்றும், அவர்கள் எந்த அரிசி வாங்குகிறார்கள் என்றும் அறிந்துகொண்டார். நானும் அவரும் ஞாயிறுதோறும் எங்காவது நடந்தோம். தூரம் மட்டும் குறைந்துகொண்டு வந்தது.

இறுதி வாரங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடம் உயர உயர, அதைக் கட்டும் கிரேனும் உயர வேண்டும் அல்லவா? திங்கட்கிழமை பிற்பகல் அந்த வேலை தொடங்கியது. கிரேன் தன் தலையைத் தானே கொஞ்சம் மேலே தூக்கி, கீழே வந்த இடைவெளிக்குள் புதிய இரும்புக் கூடொன்றை இழுத்துக்கொள்ளும். அப்பா விரலை மட்டும் உயர்த்தி, "பார், ஏறுது" என்றார். இமைகள் சரிந்துகொண்டு வந்தன. முழுவதையும் பார்க்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருந்தேன். கூடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போனார். எழும்பியதும் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆகவே இப்போது சொல்கிறேன். காற்று கொஞ்சம் கூடியதால் அவர்கள் சற்றுப் பொறுத்தார்கள், அப்பா. மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் விளிம்பில் நின்று கையசைத்தார். கூடு மெதுவாக உள்ளே போனது; நாலு மூலையும் பொருந்தின. ஆணிகளை இறுக்கிவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து தேநீர் குடித்தார்கள். பிறகு கிரேன் முன்பைவிட உயரத்தில் நின்று, மாலை வெயிலில் கையை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்தது.

போயிட்டு வாங்கோ, அப்பா.