குக்கர் விசிலை வெட்டவிடாத கிருபா டீச்சர்

நான் ஓர் ஆண். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம், எங்கள் வீட்டுச் சாமி ஊர் எல்லை அம்மன். அப்படிப்பட்ட நான் சித்தூர்ச் சபை ஒன்றின் பெண்கள் ஜெபக் குழுவில், வாட்ஸ்அப்பில், இன்றைக்கும் உறுப்பினன். எப்படி உள்ளே போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். தினமும் காலையில் ஒரு வசனமும் ஒரு பூப்படமும் வரும். பார்த்தும் பார்க்காமலும் கட்டைவிரலால் தள்ளிவிடுவேன். அன்றைக்கும் தள்ளத்தான் போனேன். பூ இல்லை. நம் சகோதரி கிருபாவதி டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்று இருந்தது. நெஞ்சு வலி என்று வேலூருக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "இன்னா டீச்சர் இது, சொல்லாம கொள்ளாம" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் உயிரியல் படித்தவர்கள், மீதிப் பேர் திட்டு வாங்கியவர்கள். நான் இரண்டாவது வகை. சித்தூரில் எங்கள் பள்ளியின் தமிழ் மீடியத்தில் அவர் உயிரியல், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. நடுவில் ஒரே ஒரு மின்விசிறி. அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்தே அன்றைக்கு எங்களுக்குள் பேச்சு உண்டா இல்லையா என்று மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு வருடம் திருப்பதியில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை என்று உத்தரவு வந்தது. தலைப்பு ஃபிளிப்டு கிளாஸ்ரூம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாடத்தை டீச்சர் வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும், பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும், வீட்டுப்பாடத்தையும் சந்தேகத்தையும் வகுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அரை மணி நேரம் விளக்கியதை டீச்சர் ஒரே வரியில் முடித்தார்: "தோசையத் திருப்பிப் போடச் சொல்றாங்க, அவ்ளோதான சார்?"

பட்டறையை நடத்தும் அதிகாரி போனில் பச்சையாகச் சொல்லிவிட்டார். தமிழ் மீடியம் ஆசிரியர்கள் கொஞ்சம் பேர்தான். எந்தெந்த ஆன்லைன் கருவிகளை வைத்துக்கொண்டு தமிழில் நடத்த முடியும் என்று தேர்ந்தெடுத்து, ஒரு பாடமும் செய்துகொண்டு வாருங்கள். முதல் நாள் போட்டுக் காட்டுங்கள். சரிப்பட்டால் மறுநாள் மத்தியானம் உங்களுக்கென்று தனி வகுப்பு. இல்லையென்றால் தெலுங்கு வகுப்பிலேயே உட்காருங்கள், இனிமேல் அட்டவணையில் தமிழ் என்ற பேச்சே வேண்டாம். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து வரும் எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரிக் கூட்டங்களில் எப்போதும் கடைசி வரிசைதான். கையெழுத்து, சாப்பாடு, பஸ். டீச்சருக்கு அது பல வருட எரிச்சல். "இந்த வாட்டி சாம்பார் சாதம் துன்னுட்டு வர்றதுக்கு நான் வரல சார். நம்ம மத்தியானத்த வாங்கிக்கினுதான் ஊருக்கு பஸ்சு ஏறுவேன்" என்றார்.

கம்ப்யூட்டர் சமாச்சாரத்தில் எங்கள் பள்ளியில் நான்தான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆகவே கருவிகளை நான் தேடினேன். டீச்சர் அவற்றைக் கழித்துக் கட்டினார். சோதனைச் சாலை அவருடைய கணவர் தேவராஜ் அண்ணனின் போன். அண்ணன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அந்தப் போனில் கண்ணாடி விரிசல், உள்ளே குட்மார்னிங் படங்கள் நிரம்பி மூச்சுவிட இடமில்லை. "நம்ம பிள்ளைங்க வீட்ல கீற போனெல்லாம் இப்டித்தான் சார். இதுல ஓடினா பாஸு, ஓடலன்னா ஃபெயிலு" என்பது டீச்சர் போட்ட சட்டம்.

முதலில் போன செயலி, நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லிச் சின்னச் சின்னப் படங்களைக் காட்டியது. பஸ் இருக்கிற கட்டங்களைத் தொட வேண்டும். எல்லாம் ஏதோ வெளிநாட்டு பஸ். "இது பஸ்சா? காளஹஸ்தி பஸ்ச போடச் சொல்லு, கண்ண மூடிக்கினு காட்றேன்" என்றார் தேவராஜ் அண்ணன், தொழில் மானம் போன கோபத்தில். அடுத்தது, வீடியோ ஓடும்போதே நடுவில் நின்று கேள்வி கேட்கும். பதில் சொன்னால்தான் மேலே போகும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. டீச்சர் ஒரு கேள்வி வரைக்கும்தான் தாங்கினார். "நான் கேள்வி கேக்கறவ சார். என்னைய இது இன்னா கேக்கறது?"

மூன்றாவதை நான் கடைசி ஆயுதமாக வைத்திருந்தேன். நாம் எழுதிக் கொடுத்தால் போதும், கண்ணாடி போட்ட ஒரு பொம்மை டீச்சர் கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்துவாள். குரலும் மெஷினே கொடுத்துவிடும். சிறுகுடல், பெருங்குடல் என்று அவள் சொன்னது, ஏதோ பிளாட்பாரத்துக்கு ரயில் வருவதைச் சொல்வது போல இருந்தது. டீச்சர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் போனை என்னிடமே நீட்டினார். "நான் செத்தப்புறம் இவள வெச்சுக்குங்க சார். நான் இருக்கற வரைக்கும் நானே பேசிக்கறேன்."

கடைசியில் டீச்சர் வீட்டு அடுப்படியிலேயே பாடம் படமானது. வெளிச்சம் அங்கேதான். ஒளிப்பதிவு, தன் போனில், தேவராஜ் அண்ணன். பாடம், சோறு வாயிலிருந்து கிளம்பி எப்படியெல்லாம் போகிறது என்பது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து, "இங்க எரியுதுன்னா இன்னா அர்த்தம்? ஆசிட்டு மேல வந்துக்கினு கீதுன்னு அர்த்தம்" என்று சொல்லி, சோற்றை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் வாசல்வரை கொண்டு வந்து நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில். "ஐயய்யோ! இருங்க, வந்துடறேன்" என்று ஓடினார். அண்ணனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. காலிச் சுவரையே பக்தியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரில் ஒரு ஆணி. நடுவில் அண்ணனின் ஒரு இருமல். பிறகு டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க விட்டேன்? சோத்த எங்க நிக்க வெச்சேன்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, மேலே நடத்தினார்.

மறுநாள் அந்தப் போனைப் பள்ளிக்கே கொண்டு வந்து காட்டினார். "அந்தச் சுவரை வெட்டிடலாம் டீச்சர், ஒரு தட்டுத் தட்டினா போதும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"ஏன் வெட்டணும்?"

"வீடியோன்னா அப்படித்தான் டீச்சர். காலியா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க."

"கிளாஸ்ல கீறப்ப எச்எம் கூப்டா எழுந்து போவறேன். பிள்ளைங்க உக்காந்துக்கினு கீது. வந்து, விட்ட எடத்துல இருந்து நடத்தறேன். டீச்சர் போனா வருவாங்கன்னு அதுங்களுக்குத் தெரியும். அத இன்னாத்துக்கு வெட்டணும்? நான் இருமினா இருமல வெட்டுவீங்களா? இன்னும் கொஞ்ச நாள் போனா என்னையே வெட்டிடுவீங்க."

மின்விசிறி என் பக்கம் திரும்பியது. அதாவது, உங்கள் காற்றுகூட வேண்டாம் என்று அதை என் பக்கம் தள்ளிவிட்டு, அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கையில் கருவியும் இல்லை, பாடமும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் மனமிறங்கி, இன்னொரு தடவை பொறுமையாகப் பாருங்கள் என்று அந்த வீடியோவை எனக்கு அனுப்ப நினைத்தார். அண்ணன் போனிலிருந்து அதைத் தன் போனுக்கு மாற்றி வைத்திருந்தார். அதில் என் பெயருக்கு நேர் மேலே ஜெபக் குழு இருந்தது. கண்ணாடி போடாமல் தொட்டதில் விரல் அங்கே போய்விட்டது.

சபைப் பெண்கள் என்ன பார்த்தார்கள் என்று யோசியுங்கள். கிருபா டீச்சர் நெஞ்சுக்குக் கீழே கையை வைக்கிறார். எரிகிறது என்கிறார். ஐயய்யோ என்று ஓடுகிறார். பிறகு வெறும் சுவர். பாதிப் பேர் அதோடு போனைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் தேவராஜ் அண்ணன் எனக்குப் போன் போட்டார். "சார், கொஞ்சம் வாங்க சார். இவ நல்லாத்தான் கீறா. ஆனா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

போனேன். வாசலெல்லாம் செருப்பு. ரூத் அக்கா ஜவ்வரிசிக் கஞ்சியோடு வந்திருந்தார். அந்தக் குழுவை நடத்துவதே அவர்தான். இன்னொருவர் மோர். போதகர் ஐயா துணைவியாரோடு நாற்காலியில். நடுவில் டீச்சர், எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லன்னா இன்னாத்துக்கு நெஞ்சப் புடிச்சிக்கினு ஓடின?" என்று ரூத் அக்கா விடவில்லை.

"அது குக்கருக்கா!"

அப்போது மூலையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "யாராச்சும் முழுசாப் பாத்தீங்களா? நான் சுவத்தையே பாத்துக்கினு இருந்தேன், வராளா இல்லையான்னு. வந்துட்டா. சோறும் சிறுகுடலுக்குப் போயிடுச்சு."

வெட்கப்பட்டவர்கள் எல்லாரும் அங்கேயே போனை எடுத்து முதலிலிருந்து பார்த்தார்கள். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு நேரத்தில் குக்கர் விசிலடித்தது. உண்மையான குக்கர் எது என்று தெரியாமல் தேவராஜ் அண்ணன் அடுப்படிக்கு ஓடி ஓடி வந்தார். பார்த்து முடித்ததும் சந்தேகங்கள் கிளம்பின. "பித்தம் பித்தம்னு இத்தன வருசமா சொல்லிக்கினு கீறேனே, அது ஈரல்ல இருந்தா டீச்சர் வருது?" என்றார் ரூத் அக்கா. போதகர் ஐயா தன் புளியேப்பத்தைப் பற்றித் தணிந்த குரலில் கேட்டார். டீச்சர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்து, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட விடாமல், முறை வைத்து விளக்கினார். எனக்குத் தெரிந்து எங்கள் மாவட்டத்தில் நடந்த முதல் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் அதுதான். விளக்கி முடித்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா சார்? வீட்ல பாத்துட்டு வந்தாங்க. டவுட்ட இங்க கேக்கறாங்க. தோசை திரும்பிடுச்சு."

வீடியோ திறக்காதவர்களுக்கு உதவ வேண்டும் என்று ரூத் அக்கா அன்றைக்கே என்னை ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டார். ஒரு தடவை வெளியே வந்து பார்த்தேன். "தெரியாம கை பட்டுடுச்சு போல சார்" என்று உடனே உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார். சுவரை வெட்டும் பேச்சை அதோடு விட்டேன். திங்கட்கிழமை மின்விசிறியை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தேன்.

திருப்பதிக்குப் போகிற பஸ்ஸில், சந்திரகிரி தாண்டும்வரை டீச்சர் தெலுங்கில் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் திரையில் என்னென்னவோ பறக்கவிட்டார்கள், நன்றாகவே இருந்தது. எங்கள் முறை வந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த கருவிகள் போன் கேமரா, வாட்ஸ்அப், சந்தேகத்தைக் கேட்க வாய்ஸ் மெசேஜ். "அந்தேனா மேடம்?" என்றார் அதிகாரி. அவ்வளவுதானா என்று அர்த்தம். மத்தியானம் போச்சு என்றே நினைத்தேன். டீச்சர் "சூடண்டி", பாருங்கள் என்று சொல்லி, வீடியோவை ஓடவிட்டு, அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விசில் அடித்தது. டீச்சர் ஓடினார். பெரிய திரையில் பெரிய சுவர், பெரிய ஆணி. போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. அவர் நாற்காலி நுனிக்கு வந்து, கவலையோடு கேட்டார்: "மேடம் ஏரி?" மேடம் எங்கே?

"இக்கடே உன்னானண்டி" என்றார் டீச்சர், அவருடைய காதோரம். இங்கேதான் இருக்கிறேன்.

மனுஷர் துள்ளி விழுந்தார். கூடம் சிரித்து அடங்குவதற்குள் திரையில் டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சோத்த எங்க நிக்க வெச்சேன்?" என்று கேட்டார். கடைசி வரிசையிலிருந்து எங்கள் நகரி, புத்தூர், சத்தியவேடு ஆட்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "சிறுகுடல் வாசல்ல!" என்றார்கள். மறுநாள் மத்தியானம் எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த வருட அட்டவணையில் தமிழ் என்று அச்சிலேயே வந்தது. திரும்புகிற பஸ்ஸில் டீச்சர், "சாம்பார் சாதமும் நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து எச்எம் என்னைக் கூப்பிட்டார். புது டீச்சர் வரும்வரை பிள்ளைகளுக்குக் கிருபா டீச்சரின் வீடியோவை அனுப்பலாமா என்று கேட்டார். என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த மங்கல் படம். நல்ல படம், அதை எடுத்த போனில்தான் இருக்கும் என்று தேவராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அதே விரிசல் கண்ணாடி. குட்மார்னிங் படங்களை மட்டும் அழித்திருந்தார், இது இருக்க இடம் வேண்டுமே என்று. வீடியோவை என் போனுக்கு மாற்றி, சரியாக வந்திருக்கிறதா என்று திறந்தேன். என் செயலி தன் புத்தியைக் காட்டியது. பேச்சு இல்லாத பகுதி இருக்கிறது, நீக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளப் போவது அந்தச் சுவர்தான். வேறு எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பாடம் ஓடியது. விசில் அடித்தது. "இருங்க, வந்துடறேன்" என்று டீச்சர் போனார். சுவர். ஆணி. வீடியோவுக்குள் அண்ணன் இருமினார். எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, நிறுத்தக் கையைக் கொண்டு போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க சார். வந்துடுவா."

காத்திருந்தோம். வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, சோற்றை எங்கே நிற்க வைத்தேன் என்று கேட்டார்.

"சிறுகுடல் வாசல்ல டீச்சர்" என்றேன் நான். அண்ணனும் சொன்னார்.