பிள்ளையைத் தொடாத கை

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் வந்தபோது, இரண்டு கைகளையும் துண்டுக்குள் மறைத்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பாபநாசத்தில் குளிப்பவர்கள் பாவம் தொலையட்டும் என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை அள்ளிக் கரையில் போடுவது அவர் வேலை.

துண்டை எடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

"தொட்டா உங்களுக்கும் வந்துரும் சார்."

உறை மாட்டிய என் கையைக் காட்டிய பிறகுதான் நீட்டினார். எட்டு நகங்கள் மஞ்சளாகத் தடித்து, நுனி பொடிந்திருந்தன. சோதனைக்காக நகத்தைச் சுரண்டி எடுக்கும்போது கையைப் பின்னால் இழுத்தார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி இல்ல சார். ஊரான் பாவத்தை அள்ளுதேன்லா, அதான் நகத்துல ஏறிட்டுன்னு வீட்டுல சொல்லுதாவ. மவ பொறந்து ஒரு வருசம் ஆவுது. இன்னும் தூக்கல."

நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வரும்வரை அவர் உட்காரவே இல்லை.

"பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இது பூஞ்சை. நாள் பூரா கை ஈரத்துல ஊறுனா நகத்துக்குள்ள புகுந்துரும். டாக்டர் மருந்து தருவாவ, மாசக்கணக்கா எடுக்கணும். கையை நல்லா கழுவித் தொடைச்சிட்டுப் பிள்ளையைத் தூக்கலாம்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் இறுகிப்போனது.

"அவ்வளவுதானா? அப்போ இந்த ஒரு வருசத்தை யாரு சார் தருவா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எத்தனையோ பேருக்குப் பூஞ்சை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கேட்டு அழுதவர் அவர் ஒருவர்தான்.